எட்டுப் பேர், ஒரு முகூர்த்தம்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி.

மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கே என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் எதையும் முறையாகச் சொன்னால்தான் புரியும். எடுத்த எடுப்பில் முடிவைச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். காலையில் கல்யாணத்துக்கு வந்த மனிதர், சாயங்காலமாகியும் வீடு போய்ச் சேரவில்லை. அவர் வீட்டார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுவது எனக்கும் கேட்கிறது. கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்.

என் பெயர் இளவரசு. ஊர் கடலூர் முதுநகர். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறேன், வீட்டிலிருந்தே வேலை. எனக்குக் காத்திருக்கத் தெரியாது; அதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. எங்கள் கம்பெனியில் ஆயிரக்கணக்கான போட்டோக்களைச் சின்னதாக்கும் வேலை ஒன்று வந்தது. ஒன்றை எடு, சின்னதாக்கு, வை, அடுத்ததை எடு. இதை லூப் என்போம். காலையில் ஓடவிட்டால் பொழுது சாயும் வரை ஓடும். நான் எட்டு த்ரெட் வைத்து ஒரு டீம் போட்டேன். த்ரெட் என்றால் வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேரும் தயாராக நிற்பார்கள். எவன் கை காலியோ அவன் அடுத்த வேலையை எடுத்துக்கொள்வான். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மேனேஜர் பாராட்டினார். அன்றிலிருந்து எங்கே வரிசையைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு வேலை இன்னொரு வேலையின் முடிவை நம்பி இருக்கக் கூடாது. கல்யாண வேலைகள் ஒன்றை ஒன்று நம்பித்தான் இருக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தங்கை கயல்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் பத்திரிகையைத் தபாலில் போட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். வீடு வீடாகப் போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். அதிலும் முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அம்மாவோடு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு காபி, ஒரு பஞ்சாயத்து. இந்த வேகத்தில் போனால் கயல்விழியின் பிள்ளைக்குக் காதுகுத்தே வந்துவிடும் என்று பட்டது.

சொந்தக்காரப் பிள்ளைகள் எட்டுப் பேரைப் பிடித்து, ஆளுக்கொரு பைக்கும் தட்டும் கொடுத்து அனுப்பினேன். ஒரே காலையில் கடலூர் முடிந்தது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் மணவாளன் மாமாவுக்கு மட்டும் கடைசியாகப் போனது. அவருடைய பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனவனுக்கு வழியில் பைக் பஞ்சர். அதற்குள் மாமா வீட்டுப் பால்காரருக்கே பத்திரிகை போய்விட்டது. மாமாவுக்குச் செய்தி சொன்னதும் அவர்தான்.

"எங்க அக்கா மவ கல்யாணத்த பால்காரர் சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா?" என்று மாமா போனில் அம்மாவிடம் அழுதார். அவ்வளவு பெரிய மீசை வைத்தவர் அழுதால் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. "மாமா கையப் புடிச்சிக்கிட்டுதான் மேடைக்கு வருவேன், இல்லன்னா வரவே மாட்டேன்" என்று கயல்விழி சொன்ன பிறகுதான் அவர் இறங்கி வந்தார். கோளாறு பைக்கில்தான், என் முறையில் இல்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

இன்று காலை இங்கே சிதம்பரத்தில் கல்யாணம். முகூர்த்த நேரமோ குறைவு. எட்டுப் பேரையும் மறுபடி கூப்பிட்டேன். மாப்பிள்ளை அழைப்பு, ஆசீர்வாதம், பந்தி, தாம்பூலப் பை, எல்லாமே ஒன்றாகத் தொடங்கட்டும் என்றேன். வேகத்துக்குக் குறையில்லை. ஜனங்கள் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். ஒரு பந்தி மோரில் ஆரம்பித்தது. காலி மேடைக்கு அட்சதை போட்டு, காலி நாற்காலிகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு, பாதிப் பேர் பஸ் ஏறிவிட்டார்கள். "பொண்ணு லட்சணமா இருக்குது" என்று கொளஞ்சியம்மாள் அத்தை வாழ்த்திவிட்டே போனார். அப்போது பெண் இன்னும் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஓரிடத்தில் எல்லாம் நின்றது. வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பா வைத்திலிங்கம், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பொண்ணோட தாய்மாமன் மாலையோட வந்து கூப்புடணும். அதுவரிக்கும் எங்க புள்ள உள்ள வராது" என்றார். மணமகள் அறையில் மணவாளன் மாமா, கயல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாப்ள மொதல்ல மணையில ஒக்காரட்டும். அதுவரிக்கும் புள்ள கைய நான் உடமாட்டேன்" என்றார்.

எங்கள் தொழிலில் இதற்கு டெட்லாக் என்று பெயர். இவர் அவருக்காக நிற்பார், அவர் இவருக்காக நிற்பார், யுகம் முடியும் வரை நிற்பார்கள். தீர்வும் உண்டு. இருவரில் ஒருவரை அகற்றிவிட வேண்டும்.

"நிக்கிற ஆள அப்பறப்படுத்துங்க" என்று என் டீமுக்குச் சொன்னேன். நான் நினைத்தது ஒருவரைத்தான். ஆனால் அந்த நேரத்தில் கை காலியாக இருந்தவர்கள் இரண்டு பேர், மோனிகாவும் அருண்பாண்டியனும். சமையல்காரர் கூப்பிடுவதாகச் சொல்லி மோனிகா மாமாவை அழைத்துப்போய்க் காய்கறி அறையில் விட்டு வெளியே வந்தாள். மண்டபத்துச் சாவிக்கொத்து அருண்பாண்டியனிடம் இருந்தது, அவன் பூட்டினான். பூட்டிவிட்டு, கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு வடலூருக்குக் கிளம்பிவிட்டான். வேலை முடிந்தவன் போய்விடலாம் என்பதும் என் ஏற்பாடுதான்.

மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் மணையில் வந்து உட்கார்ந்தார். கயல்விழி வரவில்லை. மாமா எங்கே என்றாள். காய்கறி அறை ஜன்னலிலிருந்து அவர் குரல் கேட்டது. முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது, கதவோ தேக்கு. என் தங்கையின் கல்யாணம் என்னால் நின்றுவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

அவள் பட்டுப்புடவையோடு அந்த ஜன்னலுக்கு நடந்தாள். மாமா கம்பி வழியாகக் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே ஒண்ணு முடிஞ்சி ஒண்ணு நடக்கட்டும். அண்ணா, நீ மட்டும் எதையும் செய்யாத" என்றாள்.

மாமா பூசணிக்காய்களுக்கு நடுவில் நின்று, கம்பி வழியாகவே அவள் நெற்றியில் பட்டம் கட்டினார். ஐயர் அங்கேயே வந்தார். செந்தமிழ்செல்வன் அங்கேயே தாலி கட்டினார். நானும் அழுதேன். பிறகு கதவை உடைத்தார்கள். வெளியே வந்த மாமா என்னை அடித்தார். முருங்கைக்காயால்தான்.

இப்போது பெரியப்பாவுக்கு வருகிறேன். அவரைக் காணோம் என்று மண்டபத்தில் ஒருவரும் தேடவில்லை. எந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டு போகவில்லை? சாப்பிடாமலே போய்விட்டாரே என்று வருத்தப்பட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் சமாதானம் செய்யலாம் என்றார்கள். எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தேதான் சும்மா இருந்தேன். அவரை வெளியே விட்டால் தாய்மாமன் ஏன் மாலையோடு வரவில்லை என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். முடிந்த லூப்பை யாராவது மறுபடி ஓட்டுவார்களா?

அருண்பாண்டியன் இன்று பூட்டியது இரண்டு அறைகள், மேடம். இரண்டாவது, பெரியப்பாவை அவனே அழைத்துப்போய் விட்ட ஜாங்கிரி அறை. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது. ஃபேன் உண்டு. அவர் போன் மேடையோரம் சார்ஜில் கிடக்கிறது. பட்டினி என்று சொல்ல முடியாது, ஒரு அண்டா ஜாங்கிரி இருந்தது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று வெளியே அவர் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்புறப்படுத்தச் சொன்னது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன மேடம், எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுகிறீர்கள்? அந்த வாசல் குறுகல், இப்படி முட்டிக்கொண்டால் யாருமே வெளியே போக முடியாது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போகக் கூடாதா?