மாமாவின் முதல் இருபத்தொரு கிலோமீட்டர்

ஷூவை அரை அளவு பெரிதாகவே வாங்குங்கள் சார். ஓடும்போது பாதம் வீங்கும். கடையில் நின்றபடி போட்டுப் பார்த்தால் அது தெரியாது. சாயங்காலமாகப் போய் வாங்குவது இன்னும் நல்லது, காலையில் கால் கொஞ்சம் சின்னதாக இருக்கும். நீங்கள் பேச்சுவாக்கில் கேட்டீர்கள், பதில் சொல்வதற்குள் யாரோ உங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடியே. நடந்தது நடந்தபடி, என் வார்த்தையில், இந்தக் கம்ப்யூட்டரில். இதில் 'க' மட்டும் இரண்டு முறை அழுத்தினால்தான் விழுகிறது, பரவாயில்லை.

ஒன்று கட்டாயம் பதிவாக வேண்டும். மாமாவை ஓடச் சொன்னது நான் இல்லை. அவராகத்தான் என்னிடம் வந்து கேட்டார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். நாற்பத்து நான்கு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை, காலை ஒன்பது மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க முப்பது அடி ஓடியிருக்கிறார். பஸ்ஸும் போய், மூச்சும் போய், நிறுத்தத்துப் பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அக்கா அதை நடித்தே காட்டினாள்.

"படியில நிக்கிற ஆளு கையை நீட்டுறாராம், ஏறிக்கோங்கன்னு. இவரு அவர் டாட்டா காட்டுறாருன்னு நெனச்சு, நின்னு திருப்பி டாட்டா காட்டியிருக்காரு."

எல்லோரும் சிரித்தோம், மாமாவும் சிரித்தார். ஆனால் கை கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மாப்ள, நீ ஓடுறியே, அந்த மாதிரி என்னையும் ஓட வைடா. உங்க அக்கா ஒரு தடவையாவது வாயை மூடணும்."

நான் நான்கு வருடமாக ஓடுகிறேன். வேலை, உங்களுக்குத் தெரியும், இதயப் பரிசோதனை அறையில். வருகிறவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, டிரெட்மில் என்கிற ஓடுபொறியில் நடக்கவிட்டு, இதயம் வரைகிற கோட்டைக் காகிதத்தில் எடுத்து டாக்டருக்குக் கொடுப்பது. எங்கள் ஓட்டக் குழுவை நடத்துகிறவரை எல்லோரும் கேப்டன் என்போம். புதிதாக ஓட வருகிறவர்களுக்குத் தனி அணி ஒன்று உண்டு, வருடத்துக்கு நாற்பது பேர். அதைப் பழக்குகிற பொறுப்பை எனக்குத் தரும்படி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ வேகமா ஓடுவ, அதுல சந்தேகமே இல்ல," என்றார் கேப்டன். "அடுத்தவனை ஓட வைப்பியா? ஓடவே தெரியாத ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து, இந்த சீசன் இருபத்தொரு கிலோமீட்டரை முடிக்க வச்சுக் காட்டு. புது ஆளுங்க பேட்ச் உனக்குத்தான்."

எனக்கு அந்த அணி வேண்டும், சார். அதற்காகத்தான் மாமாவை எடுத்துக்கொண்டேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் தப்பில்லை. அவருக்கும் வேண்டியது கிடைக்கிறது, எனக்கும் வேண்டியது கிடைக்கிறது. அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

முதல் நாள் இரண்டு விளக்குக் கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. மூன்றாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா, அதுக்குள்ள காதலா?"

"விடுடா. நான் ஓடுறனோ இல்லையோ, வயிறு எனக்கு முன்னாடி ஓடுது. கோட்டைத் தொடுறதுல அதுதான் ஃபர்ஸ்ட் வரும், மெடலை அதுக்கே போட்டுடு."

இதை அன்றே குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன். நூற்றுச் சொச்சம் பேர் சிரித்தார்கள். அதிலிருந்து தினம் ஒரு பதிவு. நாள் பதினொன்று, ஒரு கிலோமீட்டர் நிற்காமல். நாள் முப்பது, மூன்று. கேப்டனே ஒரு நாள் 'மாமா எங்கே, இன்னும் காணோம்?' என்று கேட்டிருந்தார். புதிதாக ஓடுகிறவருக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே விதி, பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும். மாமா கடைக்கு வருகிறவர்களின் கதையைச் சொல்லிக்கொண்டே ஓடுவார். கதை பாதியில் நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துவிடுவேன். நான் கவனமில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

நான்காவது மாதத் தொடக்கத்தில், எட்டாவது கிலோமீட்டரில், பாலத்தில் ஏறும்போது அவர் நின்றார்.

"மாப்ள, இங்க யாரோ முழங்கையை வச்சு அழுத்துற மாதிரி இருக்கு."

"பக்கப் பிடிப்பு மாமா. புதுசா ஓடுற எல்லாருக்கும் வரும்."

"பக்கத்துல இல்லடா. நடுவுல."

"நடுவுலயும் வரும்."

இரண்டு நிமிடம் நின்றதும் சரியாகிவிட்டது. அடுத்த வாரமும் வந்தது, அதே பாலத்தில். "உங்க அக்காகிட்ட உளறிடாத. ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவா," என்றார். நான் சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஓடுபொறிப் பரிசோதனை செய்து, டாக்டர் கையெழுத்தோடு கொடுத்தால்தான் போட்டிக்கு எண் தருவார்கள். அதனால் ஒரு மதிய இடைவேளையில் மாமாவை என் அறைக்கே வரச் சொன்னேன். பரிசோதனை எளிமையானதுதான். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பொறி வேகமாகும், ஏற்றமும் கூடும். டாக்டர் அடுத்த அறையில் இருப்பார். நெஞ்சில் வலி என்று சொன்னாலோ, திரையில் கோடு கீழே இறங்கினாலோ, பொறியை நிறுத்திவிட்டு மணியை அழுத்த வேண்டும். டாக்டர் உடனே வருவார். மணி என் இடது கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.

ஏழாவது நிமிடத்தில் மாமாவின் கோடு இறங்கியது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு, மேலே வர வேண்டிய இடத்துக்கு வராமல் கீழேயே படுத்திருந்தது. அந்தக் கோட்டை நான்கு வருடத்தில் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். முப்பது தடவையும் மணி அடித்திருக்கிறேன், பதிவேட்டைப் பார்க்கலாம்.

அன்று பொறியை மட்டும் நிறுத்தினேன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதே முழங்கைடா. என்ன சொல்லுது உன் மெஷின்?"

"இன்னும் நாலு கிலோ குறைக்கணும்னு சொல்லுது மாமா."

"அதை உங்க அக்காவே சொல்லுவா. இதுக்கு எதுக்கு ஒயரு?"

சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பிப் போனார்.

போட்டிக்கு முப்பத்து மூன்று நாள் இருந்தது. மணி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நிதானமாக யோசித்துத்தான் முடிவெடுத்தேன். டாக்டர் அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார். அங்கே குழாய் விட்டுப் பார்த்து, அடைப்பு இருந்தால் சரி செய்திருப்பார்கள். எங்கள் மருத்துவமனையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் திரும்பி வருகிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் நடக்க ஆரம்பித்திருப்பார். ஆனால் சீசன் முடிந்திருக்கும். கேப்டன் சொன்னது இந்த சீசன்.

அதனால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் பெயரையும் வயதையும் பொறியில் அப்படியே வைத்துக்கொண்டு, ஒயர்களை என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டேன்.

இது கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், ஆனால் சுலபம் இல்லை. சும்மா இருக்கும்போது என் நாடித்துடிப்பு ஐம்பது, மாமாவுக்கு எண்பத்திரண்டு. ஐம்பதில் ஆரம்பித்தால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். அதனால் முதலில் மாடிப்படியை மூன்று முறை ஏறி இறங்கி, எண்பத்திரண்டுக்கு வருகிற வரை திரையைப் பார்த்து நின்று, பிறகு தொடக்கத்தை அழுத்தினேன். அவர் வயதுக்கு எவ்வளவு ஏற வேண்டுமோ அதற்கு மேல் ஒரு துடிப்பு போனதும் நிறுத்திவிட்டேன். ரத்த அழுத்த எண்களை நானே டைப் செய்தேன். வந்த காகிதம் அழகாக இருந்தது. சாயங்காலம் கையெழுத்துக்குப் போகிற காகிதக் கட்டுக்குள் ஒன்பதாவதாக வைத்தேன். டாக்டர் ஃபோனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒரு தவறு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். என் கோட்டில் முதல் வரிசையில் முயல் காது மாதிரி இரட்டைக் கூர் ஒன்று வரும். வியாதி இல்லை, பிறவியிலேயே அப்படி. பொறியைப் பழுது பார்க்கும்போதெல்லாம் என்மேல்தான் ஒட்டிப் பார்ப்பார்கள். "முயல் வந்துருச்சா? அப்ப மெஷின் சரியாயிடுச்சு," என்பார் டாக்டர். அந்த ஒரு ஒயரை மட்டும் சரியாக ஒட்டாமல் விட்டிருந்தால் அந்த வரிசை குழம்பியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அவ்வளவு களைப்பில் எனக்கு அது தோன்றவில்லை. போட்டி முடிந்து இரண்டு வாரம் கழித்து டாக்டர் அதே காகிதத்தைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அந்தக் காதைத்தான் பார்த்திருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு அவரே உங்களிடம் வந்தார் என்று சொன்னீர்கள். முதலிலேயே பார்த்திருக்கலாம், அது அவர் வேலை.

போட்டியன்று நான் மாமாவுக்குப் பக்கத்திலேயே ஓடினேன். என் நேரத்தைத் தியாகம் செய்து, கிலோமீட்டருக்கு ஏழு நிமிட வேகத்தில். அக்கா முடிவுக் கோட்டில் நிற்பதாக ஏற்பாடு. கிளம்பும்போது அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, "பஸ் எதுவும் வந்தா டாட்டா காட்டிட்டு நிக்காதீங்க," என்றாள். மாமா பத்து கிலோமீட்டர் வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பதினான்கில் கதை நின்றது. ஒரு மூக்குக்கண்ணாடி வாங்க வந்து இரண்டு வாங்கிக்கொண்டு போன ஆளின் கதை, பாதியில். நான் வேகத்தைக் குறைத்தேன், ஆனால் கதை திரும்ப வரவில்லை. உதடு வெளுத்திருந்தது.

"மாப்ள," என்றார் கொஞ்ச தூரம் போனதும். "அன்னிக்கு அந்த டெஸ்ட்ல எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"டாக்டரே கையெழுத்துப் போட்டுட்டாரே மாமா."

இதில் பொய் எதுவும் இல்லை.

பதினாறில் சாலையின் இடது பக்கம் மருத்துவக் கூடாரம். உள்ளே கட்டில், ஆக்சிஜன், இரண்டு நர்சுகள், எல்லாம் சாலையிலிருந்தே தெரிந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஒரு நிமிஷம் உக்காந்துட்டு வரேன்டா," என்றார். அப்போது நான் அவருக்கு இடது பக்கம் மாறி ஓடினேன். அவரைத் தள்ளவில்லை, கையைக்கூடத் தொடவில்லை. நடுவில் ஓடினேன், அவ்வளவுதான். "உக்காந்தா கால் பிடிச்சுக்கும் மாமா, இன்னும் அஞ்சுதான். அக்கா நிக்குறா," என்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. கூடாரம் பின்னால் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு கையால் சட்டையை நெஞ்சுக்குமேல் கொத்தாகப் பிடித்துக்கொண்டே ஓடினார். ஓடினார் சார், நடக்கவில்லை. பிறகு முட்டி மடங்கி, பக்கவாட்டில், சத்தமில்லாமல் விழுந்தார்.

நான் முதலில் குனிந்து அவர் கைக்கடிகாரத்தை நிறுத்தினேன். விட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும், சராசரி கெட்டுப்போகும். பத்துப் பதினைந்து விநாடி ஆகியிருக்கலாம். பின்னால் ஓடி வந்த ஒரு அம்மாள் என்னைத் தள்ளிவிட்டு, மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். எனக்கும் அது தெரியும், பயிற்சி எடுத்திருக்கிறேன். ஆனால் அவர் நன்றாகவே செய்துகொண்டிருந்தார். அதனால் குறுக்கே போகவில்லை.

மருத்துவமனை நடைபாதையில், உயிர் போய்விட்டது என்று சொன்னதும், அக்கா என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையாலதானேடா ஒயர் எல்லாம் ஒட்டின? உனக்கு ஒண்ணுமே தெரியலையா? சொல்லுடா, தெரியலைன்னு சொல்லு." நான் தெரியவில்லை என்று சொன்னேன். அவள் அதைத்தான் கேட்டாள்.

உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும். அந்த மதியம் ஏழாவது நிமிடத்திலிருந்தே தெரியும். பாலத்தில் நின்றபோது சந்தேகம், அறையில் உறுதி. ஓடினால் செத்துவிடலாம் என்று தெரிந்தே முப்பத்து மூன்று நாள் ஓட வைத்தேன். போட்டியன்றும் ஓட வைத்தேன். கூடாரத்துக்கும் அவருக்கும் நடுவில் ஓடியதும் தெரிந்தேதான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தை யாருமே பேச மாட்டேன் என்கிறார்கள். கேப்டன் ஃபோனை எடுப்பதில்லை, குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள். கடிகாரம் உங்களிடம்தான் உறைக்குள் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பதினெட்டு கிலோமீட்டர் எண்ணூறு மீட்டர். இரண்டு மணி பதினோரு நிமிடம். கடைசி இரண்டு கிலோமீட்டரில்கூட வேகம் குறையவில்லை. பஸ்ஸுக்கு முப்பது அடி ஓட முடியாத மனிதர், ஐந்தே மாதத்தில். நீங்களே சொல்லுங்கள் சார், முதல் தடவை ஓடுகிற ஒருவரை இதைவிட நன்றாக யாரால் தயார் செய்திருக்க முடியும்?