கூறியது கூறல்

பச்சை மையில் திருத்தினால் பிள்ளைகளின் முகம் வாடாது. அதனால் சிவப்புப் பேனாவை நான் தொடுவதில்லை. பள்ளியில் இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடக் கதைகளின் ஓரத்தில் உவமை எது, குறியீடு எது, மையக்கருத்து என்ன என்று குறித்துக் கொடுப்பேன். பரீட்சைக்கு அது போதும்.

அப்பா, அம்மா போன பிறகு வீட்டில் தங்கையும் நானும்தான். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் சொன்ன நாளிலிருந்து அவளுடைய அறையை வெளியே பூட்டி வைத்தேன். கோபத்தில் அல்ல. யோசிக்க அவளுக்கு அமைதி வேண்டும் என்று நினைத்தேன். சாப்பாடு, புத்தகம், வெள்ளைத்தாள் எல்லாம் கொடுத்தேன். இன்ஹேலர் மட்டும் என்னிடம் இருந்தது. கேட்டால் கொடுப்பேன்.

அவள் ஒரு கதை எழுதினாள். ஒரு பெண்ணை அவளுடைய அண்ணன் அறையில் பூட்டுகிறான், அவள் மூச்சுத் திணறக் கதவைத் தட்டுகிறாள். அவ்வளவுதான் கதை. பூட்டிய கதவு சமூகத்தின் குறியீடு என்றும், திணறும் மூச்சு சொல்லாத ஆசையின் உருவகம் என்றும் ஓரத்தில் எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் தட்டல் வந்தது. 'கூறியது கூறல், நீக்குக' என்று குறித்தேன். இலக்கணம் அதைக் குற்றம் என்றே சொல்கிறது.

"என்னண்ணா, கதவு சமூகமாயிடுச்சா?" என்று சிரித்தாள்.

"அப்படித்தாம்மா படிக்கணும்."

"அது கதவுண்ணா. சாவி உன் சட்டைப் பையில இருக்கு. சமூகத்துக்கிட்டயா போய்க் கேக்கச் சொல்ற?"

"இவ்வளவு கிண்டல் வருதே, கதையில ஏன் வரல?"

"நீ பூட்டுறதுக்கு முன்னாடி எழுதியிருந்தா வந்திருக்கும்."

நல்ல எள்ளல். அதையும் குறித்துக்கொண்டேன்.

மறுபடி எழுதியதை, பாதியில் நின்ற நிலையிலேயே, கதவுக்கு அடியில் தள்ளினாள். ஹாலில் உட்கார்ந்து படித்தேன். தட்டலை அவள் நீக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்போதுதான் உள்ளே தட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணா, இன்ஹேலர்" என்றாள். பிறகு "அண்ணா" மட்டும். பிறகு தட்டல் மட்டும். சொற்கள் குறையக் குறைய அழுத்தம் கூடுவதைக் கவனித்தேன். இன்ஹேலர் மேசைமேல், என் கையருகில் இருந்தது. பத்தியை முடித்துவிட்டு எழலாம் என்று இருந்தேன். முடித்தேன். அடுத்த பத்தியையும் படித்தேன்.

காதில் விழவில்லையா என்று விசாரணையில் கேட்டீர்கள். விழுந்தது. ஒவ்வொரு தட்டும் விழுந்தது. அது நின்ற பிறகு இன்னும் நிம்மதியாகப் படிக்க முடிந்தது. வெயில் தாழ்ந்ததும் கதவைத் திறந்தேன். அவள் கதவை ஒட்டிக் கிடந்ததால் கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது.

அவளைப் போல என்னோடு வாதாட இனி யாரும் இல்லை. கதையைப் பாதியில் விடவும் மனம் வரவில்லை. முடிவை நானே எழுதினேன். அதில் தங்கை தூக்கத்திலேயே போய்விடுகிறாள். அண்ணன் அவளுடைய கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருக்கிறான். இயல்பாக வந்திருக்கிறது. அவள் பெயரிலேயே அச்சிடலாம்.