வாய மூடிக்கினு ஏரி வரைக்கும்

…மூச்சே முட்டிப் போச்சு சார். ஆவடி ஸ்டேஷன்லேர்ந்து இந்தப் பருத்திப்பட்டு ஏரி வரைக்கும் ஒரு வார்த்த பேசல. நானு! ஆட்டோ ஸ்டாண்டுல கேட்டுப் பாரு, துலுக்கானம் தூக்கத்துல கூட பேசிக்கினு கீறவன். இன்னா பண்றது, பின்னாடி ஒக்காந்துகினு வந்தது சபீனா. நீ ஏர்றதுக்கு முன்னாடி எறக்கி வுட்டனே, அந்தப் பொண்ணுதான்.

அதுக்குக் கண்ணு தெரியாது சார். வெளிச்சம் மட்டும் லேசாத் தெரியுமாம். அம்பத்தூர்ல ஒரு கம்பெனில போன் எடுத்துப் பேசற வேல. லீவு நாள்ல எத்தினி நேரம் ஊட்ல ஒக்காந்துகினு கெடக்கும்? ஏரில படகு, அதான் போட்டு, வுட்றாங்கல்ல, அதுக்குத் தனியாப் போவணும்னு ஆச. அதுக்கோசரம் ஒரு டீச்சரம்மா நாலு வாரம் கூடவே வந்து வழி பழக்கி வுட்டாங்களாம். ரயில்லேர்ந்து எறங்கி, ஆட்டோ புட்ச்சி, பார்க் கேட்ல எறங்கி, செவுத்தோரமா குச்சியத் தட்டிக்கினே போனா டிக்கெட் கவுண்டரு.

போன ஞாயித்துக்கெழம மொத தபா தனியா வந்திச்சி. என் வண்டிதான். ஏறின ஒடனே எம்பேரு, எம்பொண்டாட்டி பேரு, எனுக்குச் சக்கர கீறது, அல்லாம் சொல்லிட்டேன். அது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிச்சி: "அண்ணே, கரெக்டா கேட்ல நிறுத்துங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

நான் சும்மா இருந்தனா? கேட்டாண்ட ஒரே கூட்டம். மனசு கேக்காம தள்ளிப்போய் மரத்தாண்ட நிறுத்தி, கையப் புட்ச்சி இஸ்துகினு போனேன். வேணாம் வேணாம்னிச்சி. கூச்சப்படுதுன்னு நென்ச்சிக்கினேன். கவுண்டர்னு ஒரு வழில பூந்தா, அது வெளிய வர்ற வழி! வாட்ச்மேன் தொரத்தறான். திரும்பி வந்தா அதுக்கு செவுரு எந்தப் பக்கம்னே புரியல. அங்க வந்து சேந்துக்கறேன்னு சொல்லியிருந்த, கூட வேல செய்ற பொண்ணுங்க ஏறின போட்டும் கெளம்பிடிச்சி. ஊட்டுக்குப் போன் போட்டு, "என்னால தனியா முடியல, வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிச்சி பாரு…

ஒரு வாரமா சோறு எறங்கல சார். வழி தெரிஞ்ச புள்ளையக் கையப் புட்ச்சி வழி தெரியாம ஆக்கனவன் நான்தான்.

இன்னிக்கி திரும்ப வந்திச்சி. என் குரலக் கேட்டா ஏறாதுன்னு பயம். "பார்க் போவுமா"ன்னு கேக்குது, நான் தலைய ஆட்றேன். அதுக்கு எப்டிய்யா தெரியும்? அப்றம் ஹாரன அட்ச்சேன். ஏறிக்கிச்சி. கேட்டுக்கு நேரா ஒரு அடி தள்ளாம நிறுத்தினேன்.

எறங்கிட்டு, "தேங்க்ஸ் துலுக்கானம் அண்ணே"ங்குது.

எப்டிம்மா தெரிஞ்சிதுன்னு கேட்டா, "இவ்ளோ நேரம் பேசாம எந்த ஆட்டோக்காரர் வருவாரு? தப்பு பண்ணவருதான்" அப்டீன்னு சிரிக்குது.

அப்றம் செவுத்தோரமா தட்டிக்கினே போச்சு. நடுவுல ஒரு பைக்கு குறுக்க நின்னுச்சி. எனுக்குக் காலு பரபரங்குது. கைய ரெண்டும் பாக்கெட்ல வுட்டுகினு நின்னேன். அதுவே தட்டிப் பாத்து சுத்திகினு போயிடிச்சி சார்! போட்ல ஏறி ஒக்கார்ற வரைக்கும் பாத்துகினே இருந்தேன்.

அதான், நீ அஞ்சு நிமிசமாக் கூப்ட்டது காதுல வுழல. கோச்சிக்காத சார். ஆமா… எங்க போவணும்னு சொன்ன?