ஒரே பெட்டியில் இருக்கட்டும்

பாச்சை உருண்டை வாசம் பேருந்துக்குள் பரவியதும், எங்கள் பள்ளிக்கூடத்து அலமாரி எனக்குள் திறந்துகொண்டது. முன் இருக்கைக்காரரின் மடியில் கண்ணாடி மூடிய பெட்டி. உள்ளே, ஊசியில் ஒரே ஓர் ஆந்தை அந்துப்பூச்சி.

“வயித்த வெட்டிப் பாத்தாத்தான் எந்த ஜீனஸ், எந்தப் பேரினம்னு சொல்ல முடியும்ங்கறாங்க ஜேபி டவுன்ல இருக்கற ஆராய்ச்சிக்காரம்மா,” என்றார் பக்கத்திலிருந்த மனைவியிடம்.

“அலமாக்! பெக்கோக் காட்டுல மூணு வருஷமா லைட்டும் வெள்ளைத் துணியும் கட்டி நீங்க புடிச்சது இது ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். ஆனா ரெண்டு ஜீனஸுக்கு ரெக்கை ஒரே மாதிரி இருக்கு. வித்தியாசம் வயித்து நுனிக்குள்ளதான். ரெக்கையப் பாத்து நான் எழுதின பேரு தப்பா இருக்கலாம்லா.”

“இருந்துட்டுப் போகட்டும். யாரு வந்து கேக்கப் போறா?”

“நான் கேப்பேனே.”

அவர் மனைவி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் ஈத்தாமின் மண்பாண்டக் கடைகள் வந்தன. ஜேபி வரை போகும் கணவரை விட்டு, இறங்குவதற்காக மனைவி எழுந்தார்.

“வெட்டின வயித்தத் தூக்கிப் போட்டுருவாங்களா?”

“சேச்சே. சின்னக் கண்ணாடிக் குழாய்ல போட்டு, இதுக்கு உள்ள அதே நம்பரை ஒட்டுவாங்க.”

படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

“அப்ப வெட்டக் குடுங்க. ஆனா அந்தக் குழாயையும் கேட்டு வாங்கிட்டு வாங்க. ரெண்டும் ஒரே பெட்டியில இருக்கட்டும்.”