சிவப்புத் தாடி வைத்த மொட்டைத்தலை ஆளைப் பற்றி

பெயர் லொரெய்ன் ஷார்போனோ. வயது ஐம்பத்தேழு. கணவர் பெயர் ஆர்மாண்ட் ஷார்போனோ. விலாசம்: வெர்மான்ட் மாநிலம், ஃபெர்ன் ஹாலோ, மேல்மலைச் சாலை, கடைசி வீடு. தொழில்: பனி இளகும் மாதங்களில் மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுவது, மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவது.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். சென்ற வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வைத்து அதிகாரி பெல்நாப் என்னிடம் ஒரு வாக்குமூலம் வாங்கினார். அதில், என் கணவரை எங்கள் பம்பு கொட்டகையில் இரண்டு பேர் கொல்லப் பார்த்தார்கள் என்றும், ஒருவர் பக்கத்து நிலத்துக்காரர் க்ளோவிஸ் பூஷே என்றும், இன்னொருவர் நான் முன்பின் பார்த்திராத, சிவப்புத் தாடி வைத்த மொட்டைத்தலை ஆள் என்றும் சொல்லியிருந்தேன். அதன் பேரில் க்ளோவிஸை லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள். மொட்டைத்தலை ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்னது தப்பு என்று சொல்வதற்காக இன்று நானாகவே வந்திருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. என் தலை இன்னும் முழுசாகத் தெளியவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். "நடந்தது நடந்த வரிசையில சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. அந்த வரிசைதான் எனக்குத் தகராறாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் மேப்பிள் மரங்கள் வீட்டுக்கு மேலே சரிவில் இருக்கின்றன. மரத்துக்கு மரம் குழாய் இழுத்து, சரிவின் அடியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டகையில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். அங்கே ஒரு பம்பு, குழாய்களில் இருக்கும் காற்றை உறிஞ்சும். அப்படி உறிஞ்சினால், மரம் சும்மா சொட்டுவதைவிட நிறையச் சாறு விடும். அங்கே கரண்ட் கிடையாது. அதனால் என் கணவர் பழைய புல்வெட்டும் வண்டியிலிருந்து ஒரு பெட்ரோல் என்ஜினைக் கழற்றி, பெல்ட் போட்டுப் பம்போடு பூட்டியிருக்கிறார். அதன் புகை வெளியே போவதற்கு ஓர் இரும்புக் குழாய், கதவுக்குப் பக்கத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு நீட்டியிருக்கும். கொட்டகையில் சேரும் சாறு அங்கிருந்து இறங்கி, கீழே நான் பாகு காய்ச்சும் இடத்தில் தொட்டியில் விழும்.

அந்த என்ஜினை நிறுத்துவதற்கென்று யாரும் மலையேறுவதில்லை. சாயங்காலம் குளிர் இறங்கிச் சாறு நிற்கிற நேரத்துக்குப் பெட்ரோலும் தீருகிற மாதிரி, என் கணவர் காலையிலேயே காப்பி டப்பாவில் அளந்து ஊற்றிவிட்டு வருவார். எங்கள் பக்கத்தில் கரண்ட் இல்லாதவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த என்ஜின் சத்தத்தால்தான் க்ளோவிஸுக்கும் எங்களுக்கும் சண்டை. அவர் வீடு சரிவுக்கு நேர் எதிரே இருக்கிறது, தனி ஆள். நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். போன மாதம் சர்ச்சில் நடந்த சர்க்கரை விருந்தில், பனி மேல் சூடான பாகு ஊற்றி, திகட்டாமல் இருக்க எல்லாரும் ஊறுகாயோடு தின்றுகொண்டிருந்தபோது, க்ளோவிஸ் அத்தனை பேர் முன்னால் என் கணவரிடம், "உன் எழவு என்ஜினை ஒரு நாள் கோடாலியால பொளந்து வைக்கிறேனா இல்லையா பாரு" என்றார். என் கணவர் சும்மா இருக்கவில்லை. "முதல்ல உன் குறட்டையை நிறுத்துடா, அதைக் கேட்டு என் மரமெல்லாம் பயந்து கிடக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். க்ளோவிஸ் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இதற்குச் சாட்சி ஊரே இருக்கிறது, நான் மறைக்கவில்லை.

க்ளோவிஸ் எப்போதும் காது மூடும் சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்று போட்டிருப்பார். கோடையிலும் போட்டிருப்பார். சர்ச்சில்கூட அதைக் கழற்ற மனசில்லாமல் கடைசி வரிசையில் தூண் மறைவில்தான் உட்காருவார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர் தலையை நான் பார்த்ததே இல்லை. புருவம் கருப்பாக இருப்பதால் பள்ளிக்கூடத்தில் பார்த்த கருப்பு முடியும் அப்படியே இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தாடி கிடையாது.

புதன்கிழமை நல்ல வெயில். முந்தின ராத்திரி கடுமையாக உறைந்திருந்ததால் மரங்கள் கொட்டு கொட்டென்று கொட்டின. மத்தியானம் அவரைக்காயும் உப்புப் பன்றிக்கறியும் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு இருட்டுற வரைக்கும் ஓடும்போல, இன்னொரு டப்பா ஊத்திட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு என் கணவர் மேலே போனார். நான் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டு பாகு காய்ச்சினேன். அதன் பிறகு மேலே 'தொம்'மென்று ஒரு சத்தம் கேட்டது. அன்று வெயிலுக்கு ஊரில் எல்லாக் கூரையிலிருந்தும் பனி சரிந்துகொண்டிருந்ததால் நான் அதைச் சட்டை பண்ணவில்லை. அதன் பிறகு என்ஜின் சத்தம் மாறியதா என்றால், எனக்குத் தெரியாது. கொதிக்கிற இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்காது. அதன் பிறகு தொட்டியில் விழும் சாறு மெலிந்தது. பிறகு நூலாகி, சொட்டாகி, நின்றே போயிற்று.

பாகு காயும்போது அடுப்பை விட்டுப் போகக் கூடாது. பாகு காயும் தட்டு தீய்ந்துவிடும். ஆனாலும் மேலே போனவர் இன்னும் திரும்பாததால் போட்டது போட்டபடி மேலே ஓடினேன். பாகு பதம் பார்க்கும் நீளக் கரண்டி கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மேலே போய்ப் பார்த்தால் கொட்டகைக்குக் கதவைக் காணோம். இதை வியாழக்கிழமை சொன்னபோது அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் அப்படித்தான் இருந்தது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மேடு. பக்கத்துச் சுவரில் பலகைகளைப் பிளந்து ஒரு பெரிய ஓட்டை. வெளியே பனியில் ஒரு கோடாலி. நான் வழி தவறி வேறு யாரோ கொட்டகைக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அதன் பிறகு ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தேன்.

உள்ளே ஒரே புகை. என்ஜின் தலைப்பக்கம் நசுங்கி, ஓடாமல் நின்றிருந்தது. கண் எரிந்தது. மூலையில் என் கணவர் மல்லாந்து கிடந்தார். ஒரு மொட்டைத்தலை ஆள் அவர் மேல் குனிந்து, அவர் காலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். அவன் திரும்பிப் பார்த்தான். மூக்கிலிருந்து மோவாய் வரை முகம் முழுக்கச் சிவப்பாக இருந்தது, வாய் தெரியவில்லை. என்னைப் பார்த்து 'ம்ம் ம்ம்' என்று உறுமினான். நான் கரண்டியை ஓங்கி, உச்சந்தலையில் ஒரே போடு போட்டேன். பேருந்து ஓட்டுகிற கை என்பதால் அடி பலமாகவே விழுந்தது. அதன் பிறகு நானும் அங்கேயே விழுந்தேன்.

அதன் பிறகு, அல்லது அதற்கு முன்பு, நான் பனியில் முகம் குப்புறக் கிடந்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. க்ளோவிஸ் குரல் மட்டும் கேட்டது. "மூச்சு விடுடி லொரெய்ன், மூச்சு விடு! எருமை, நீ எதுக்குடி உள்ள வந்து தொலைச்ச?" என்று கத்தினார். அவன் உள்ளே, இவர் வெளியே, இரண்டு பேரும் கூட்டு என்று என் தலை அப்போது கணக்குப் போட்டது. அதைத்தான் வியாழக்கிழமை சத்தியமாகச் சொன்னேன். புகை ஏறினால் இரண்டு நாளுக்குப் புத்தி குழம்பும் என்று டாக்டர் அதற்குப் பிறகுதான் சொன்னார். என் கணவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அவருக்கு எதுவுமே நினைவில்லை. "இன்னைக்குச் சாறு ஓடுச்சா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

இன்று காலை நர்ஸ் என் கணவரின் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அதில் வலது கால் பூட்ஸ் மட்டும் இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். "அந்தக் கால்ல பூட்ஸ் இல்லைங்க, இதைத்தான் மாட்டி விட்டிருந்தாங்க" என்று பைக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டினார். க்ளோவிஸின் சிவப்புத் தொப்பி. புகை நாற்றம் குப்பென்று அடித்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். கதவை யாரோ மண்வாரியால் பனியை வாரி அடைத்ததாக அதிகாரிகள் நினைக்கிறார்கள். கூரையைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒரு பிடி பனி இல்லை, வழித்து எடுத்த மாதிரி இருக்கிறது. அத்தனையும் ஒரே சரிவாகச் சரிந்து, கதவையும் புகைக்குழாயின் வாயையும் சேர்த்து மூடியிருக்கிறது. நான் கேட்ட 'தொம்' அதுதான். என்ஜின் தன் புகையையெல்லாம் உள்ளேயே விட்டிருக்கிறது. சத்தம் திடீரென்று போர்வைக்குள் கத்துகிற மாதிரி ஆனதால், விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடாலியோடு ஓடிவந்தேன் என்று க்ளோவிஸ் சொன்னதாக அதிகாரி என்னிடம் படித்துக் காட்டினார். அது உண்மையாகத்தான் இருக்கும். அந்தச் சத்தத்தை அவரைப்போல நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர் வேறு யாரும் இல்லை. என்ஜினைப் பொளப்பேன் என்றார், சொன்னபடி பொளந்துவிட்டார். என் கணவர் உயிரோடு இருப்பது அதனால்தான்.

இடது கால் பூட்ஸ் இன்னும் அங்கேயே, பம்பின் இரும்புச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக் கிடக்கிறது. அதன் கயிறு அறுக்கப்படவில்லை, கடைசித் துளை வரை அவிழ்த்திருக்கிறது. கொல்ல வந்தவன் எவன் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பான்? க்ளோவிஸ் என் கணவர் காலைத் திருகவில்லை, பூட்ஸிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். புகைக்குத் தொப்பியைக் கழற்றி மூக்கிலும் வாயிலும் அமுக்கிப் பிடித்திருந்தார். நான் பார்த்த சிவப்புத் தாடி அதுதான். அது உறுமல் இல்லை. தொப்பிக்குள்ளிருந்து என் பேரைத்தான் சொல்லியிருக்கிறார். நான் அடித்த பிறகும் எங்கள் இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, உறைந்துபோகாமல் இருக்க என் கணவரின் வெறுங்காலில் தொப்பியை மாட்டியிருக்கிறார். அதிகாரிகள் வருவதற்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் க்ளோவிஸ் தலை முழுக்கக் கட்டுப் போட்டுவிட்டதால் அவர்களைத் தவிர அந்த மொட்டையை வேறு யாரும் பார்க்கவில்லை.

தலையில் காயம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, பலகை விழுந்தது என்றே க்ளோவிஸ் இன்றுவரை சொல்கிறார் என்று தெரிந்துகொண்டேன். பலகையெல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கீழேதான் பிளந்திருக்கிறது, எனவே அது பொய், அது பொய்யென்றால் மற்றதும் பொய் என்று அதிகாரிகள் முடிவுக்கு வந்ததாகவும் தெரிகிறது. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் பொய். அடித்தது நான். அது அவருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அடி வாங்கினார். நான் அவரைக் கொலைகாரர் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை அப்படியே எழுதச் சொன்னேன்.

மொட்டைத்தலை ஆளைத் தேடுவதை நிறுத்திவிடவும், கடைவாசலில் ஒட்டியிருக்கும் படத்தைக் கிழித்துவிடவும் கேட்டுக்கொள்கிறேன். தொப்பியை மேசை மேல் வைத்திருக்கிறேன். அதிகாரி அதைச் சாட்சிப் பொருளாக உறையில் போட எடுத்தார். வேண்டாம் என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கொட்டகையிலிருந்து நான் கொண்டுவந்த கரண்டியை எடுத்துக்கொள்ளட்டும், அதில் இன்னும் பாகு ஒட்டியிருக்கிறது. தொப்பியை இப்போதே உள்ளே கொண்டுபோய் அவரிடம் கொடுக்க வேண்டும். தலைக்கட்டை இன்று அவிழ்க்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மேலே எழுதியதை அதிகாரி பெல்நாப் எனக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். இந்தத் தடவை நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
லொரெய்ன் ஷார்போனோ