அருவிப் பக்கம் கூப்பிட்ட குரல்

நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தாய், மடியில் சின்ன மகள். பக்கத்தில் நின்ற ஸ்டூடியோக்காரர், அந்தக் குடும்பம் அருவிக்குச் சுற்றுலா போனபோது எடுத்த படங்களை நீட்டினார்.

“நீங்க விளையாடுறப்பவே எடுத்தேங்க. எல்லாப் படத்துலயும் நாலு பேரும் அருவியப் பாத்தே சிரிக்கிறீங்களே?”

“நீங்கதானே அங்கிருந்து கூப்பிட்டீங்க? பாப்பா பேரச் சொல்லி, கிட்ட வான்னு.”

“நான் பக்கவாட்டுல ஒரு பாறைமேல நின்னேங்க. கூப்பிடவே இல்ல. பாப்பா பேருகூட எனக்குத் தெரியாது.”

தாய் படங்களைக் கவிழ்த்து வைத்தாள்.

“அன்னைக்கு இவ தண்ணிக்குள்ள எறங்கிட்டா. அவங்கப்பாதான் இழுத்துப் புடிச்சாரு.”

பஸ் வளைவில் திரும்பியதும் கீழே தண்ணீர் தெரிந்தது.

“இந்தா வர்றேன்” என்றாள் சிறுமி, வெளியே பார்த்து.

தாய் எட்டிக் கண்ணாடியை இழுத்து மூடினாள்.