சபை நடுவே விழுந்தவள்

— அக்கா, சொன்னா கேளு. ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து நின்னு அதைச் சொல்லாத.

— ஏன்டி சொல்லக்கூடாது? நான் விழுந்தப்பல்லாம் பரிசுத்த ஆவி இறங்கிடுச்சுன்னு கை தட்டினாங்க. விசிறி எடுத்து வீசினாங்க, கால் தெரியாம துணி போத்தினாங்க. எனக்கோ பாதம் எங்க இருக்குன்னே தெரியல.

— ஆண்டவரே! அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?

— எப்படிச் சொல்றது வெர்னெல்? பாஸ்டர் என்னைக் காட்டி, "எர்லீன் சகோதரியைப் பாருங்க"ன்னு கண்ணு கலங்கி நிக்கறாரு. உன் புருஷன் க்ளீட்டஸ் அதைப் பாத்துத்தான் அன்னிக்கிக் குடியை விட்டான்.

— அதுக்குத்தான் சொல்றேன். க்ளீட்டஸ் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி உருகுறாரு. நீ போய் அது ரத்தக் கோளாறுன்னா, மெம்பிஸ் ஊரு பூரா சிரிக்கும்.

— சிரிக்கட்டும். குடியை விட்டது அவன் மனசு. என் கால் மரத்ததுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

— பழைய டாக்டரு சாதாரண ரத்தசோகைன்னுதானே சொன்னாரு?

— ஆமா, கறுப்புப் பொம்பளைங்களுக்கு இது சகஜம்னு இரும்பு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. நானும் வருஷம் பூரா முழுங்கினேன். வெங்காயம் போட்டு ஈரலா வறுத்துத் தின்னேன். ஒண்ணும் ஆகல. இந்தப் புது டாக்டரம்மாதான் முதல்ல நாக்கை நீட்டச் சொன்னா. செவந்து வழவழன்னு கெடந்துச்சாம், அதான் காரம் பட்டாலே எரிஞ்சிருக்கு. அப்புறம் வேற ரத்தப் பரிசோதனை. பி12 சத்தை என் வயிறு உறிஞ்சவே மாட்டேங்குதாம். ஊசிதான் வழி.

— நான் வேலை பாக்குற முதியோர் இல்லத்துல வயசான வெள்ளைக்காரங்களுக்குத்தான் அந்த ஊசி போடுறாங்க. நமக்கெல்லாம் அது எப்படி வரும்?

— எல்லாரும் இப்படியே நெனச்சதாலதான் நம்மகிட்ட அதை யாரும் தேடல. நம்ம பொம்பளைங்களுக்குச் சின்ன வயசுலயே வரலாமாம். இன்னும் விட்டிருந்தா நடையே போயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னா. இப்பப் பாரு, உன் வீட்டுப் படியில கைப்பிடி பிடிக்காம ஏறி வந்தேன். ஞாயித்துக்கிழமை வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு, வர்றவங்களை வரவேற்க வாசல்ல ஜம்முனு நிப்பேன்.

— நில்லு. சந்தோஷம். வாயை மட்டும் திறக்காத.

— ஏன்டி, தட்டுல இருக்குற கீரைக்கு மிளகாய் சாஸ் ஊத்திக்கலையா? பாட்டிலையே கவுப்பியே.

— காரம் வேணாம்.

— என்னிக்கிலேர்ந்து?

— பேச்சை மாத்தாத அக்கா.

— மாத்தலடி. போன ஞாயிறு பாடிக்கிட்டிருந்தப்ப நீ சரிஞ்சு விழுந்தியே, உன் காலுக்குத் துணி போத்தினது நான்தான். செருப்பு ஒண்ணு கழண்டு தூரமாக் கெடந்துச்சு. அது கழண்டதுகூட உனக்குத் தெரியல. நான் யாருக்காகச் சபையில பேசப் போறேன்னு நெனச்ச?

— அன்னிக்கி என்மேலயும் ஆவி இறங்கிடுச்சுன்னு க்ளீட்டஸ் முட்டி போட்டு அழுதாரு, அக்கா.

— தெரியும். நாக்கை நீட்டு, வெர்னெல்.